ஆட்களை எண்ணாத கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் எங்கள் ஊரைப் பற்றி வெளியான கட்டுரையில், "துருப்பிடித்த பூட்டுகளும் அவற்றைக் காவல் காக்கும் கிழவர்களும் மட்டுமே மிஞ்சியிருக்கும் ஊர் காரைக்குடி" என்றொரு வரி இருந்தது. கிழவர் என்பதற்கு நான் மறுப்பேதும் சொல்வதற்கில்லை. ஆனால் நான் காவல் காக்கும் பூட்டு எதுவுமில்லை. அந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான், செஞ்சையில் ஓட்டு வீடொன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கர். என்னைப் போன்றவர்களுக்கும் இந்த ஊரில் ரேஷன் அட்டை உண்டு என்பதைக் கட்டுரையாளரின் கவனத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இங்கே 1 லட்சத்து 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள் என்பதும், 2024-இல் ஊர் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது என்பதும் தாங்கள் அறியாததல்ல. தங்கள் நாளிதழே அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. மாலை ஆறு மணிக்குக் கல்லுக்கட்டிக் கடைவீதியில் ஒரு இருசக்கர வாகனத்தை நிறுத்த இடம் தேடிப் பார்த்திருந்தால், ஆளில்லாத ஊரைப் பற்றிய வேறு சில எண்ணங்கள் கட்டுரையாளருக்குத் தோன்றியிருக்கக்கூடும்.

பூட்டிய வீடுகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டுக்கு இன்று எத்தனையோ பங்குதாரர்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. இத்தனை பேரும் ஒப்பினால்தான் ஒழுகும் ஓட்டை மாற்ற முடியும். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் பல, 1930-களின் பொருளாதார மந்தத்திலும், பிறகு 1942-இல் ஜப்பானியர் அங்கே புகுந்தபோதும் வரவை இழந்தன என்ற வரலாற்றுக்குக் கட்டுரையில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம். அதே வீடுகள் கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கின்றன. வளவில் பந்தி நடக்கிறது. சமையலுக்கும் பந்தலுக்கும் பூவுக்கும் போகிறவர்கள் எங்கள் தெருக்காரர்கள். விருந்துக்கு வராமல் பூட்டியிருக்கும் நாளில் மட்டும் வந்துவிட்டு, இங்கே விருந்தே நடப்பதில்லை என்று எழுதுவது என்ன முறை?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில காலத்துக்கு முன், பழைய வீடொன்றின் திண்ணையில் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுடன் என் மனைவி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இரண்டு கேமராக்களுடன் வந்த வெளியூர் இளைஞர் ஒருவர், "அம்மா, படத்துல விழறீங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். இருவரும் பூக்கூடையையும் வாழைநாரையும் தூக்கிக்கொண்டு எதிர்வாடைக்குப் போனார்கள். வாசலில் முறத்தில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாயையும் அந்த இளைஞரே எடுத்து ஓரமாக வைத்தார். தெருவில் வந்த பால்காரரைச் சைக்கிளோடு நிறுத்திவைத்தார். பின்னர் ஒரு மாத இதழில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. வாழ்ந்தவர்கள் விட்டுப்போன வாசல் என்று அடியில் ஒரு கவிதை வேறு. எங்களை எழுப்பி அனுப்பியவர்களே எங்களைக் காணவில்லை என்று இரங்கற்பா பாடுகிறார்கள்!

இத்தகைய எழுத்து யாரையும் எதுவும் செய்யாது என்று தாங்கள் கருதலாம். என் மகளுக்கு வரன் பேச வந்தவர்கள், காபியைக் கையில் வைத்துக்கொண்டே, "தலைப்பிரசவத்துக்கு இந்த ஊருக்கா அனுப்புவது, இங்கே என்ன இருக்கிறது?" என்று எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டார்கள். ஊரைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியல்ல அது. எங்கோ படித்துவிட்டுக் கேட்டது.

என்ன இருக்கிறது என்ற கேள்விக்குத் தங்கள் கட்டுரையாளருக்கே விடை சொல்லிவிடுகிறேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலோகம் துருப்பிடிப்பதைத் தடுப்பது எப்படி என்று ஆராய்வது அதன் வேலைகளில் ஒன்று. துருப்பிடித்த பூட்டைத் தேடி இவ்வளவு தூரம் வந்தவர் அதன் வாசலையும் எட்டிப் பார்த்திருக்கலாம். 1985-இலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் பங்குனி விழாவுக்கு இன்றும் கூட்டம் வருகிறது. கம்பனைக் கேட்கப் பூட்டுகள் வருவதில்லை.

ஊரைவிட்டுப் போனவற்றின் கதையோ தனி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. இன்று அது சென்னையின் பெருமை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள் சென்னையில் நூலகமாகி நன்றாகவே இருக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை. தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் வழியாக வெளியூர் விடுதிகளுக்குப் போகின்றன. விற்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான், அதை மறைப்பானேன். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் அது பாரம்பரியம், அது இருந்த இடம் மட்டும் பாழ் என்ற கணக்கு இத்தனை ஆண்டு பேரேடு எழுதிய எனக்குப் பிடிபடவில்லை.

எங்கள் ஊருக்குக் குறைகள் உண்டு. கோடையில் ஊருணிகள் வற்றுகின்றன. படித்த பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போகிறார்கள். இவற்றை எழுதினால் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் பெரிய ஆளல்லன். அதனுடன் வெளியான பெரிய படத்தின் கீழே "காரைக்குடியின் ஆளரவமற்ற வீதி" என்று அச்சாகியிருக்கிறது. அதில் பின்னால் தெரிவது கானாடுகாத்தான் அரண்மனை. கானாடுகாத்தான் தனிப் பேரூராட்சி. பள்ளிச் சுற்றுலா போய்வந்த பிள்ளைகளுக்கும் அது தெரியும். அங்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அவ்வூர்க்காரர்கள் தங்களுக்குத் தனியே எழுதிக்கொள்வார்கள். வரும் ஞாயிறு இதழில் ஊர்ப் பெயரை மட்டும் திருத்தி இரண்டு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாதென்றால் ஒரு வரியும் சம்மதமே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செஞ்சை, காரைக்குடி.