கார்சிகாவில் கிலோமீட்டரை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பிரான்சைச் சேர்ந்த கார்சிகா தீவைப் பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடற்கரைப் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் தீவின் தலைநகரான அஜாக்சியோவிலிருந்து போர்த்தோ என்ற கடலோர ஊருக்கு 80 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எழுதியவர் அந்தச் சாலையில் போயிருக்க மாட்டார்.

ஜூன் மாதம் நாங்கள் போனோம். மகள் ஓட்டினாள். வழியில் பியானா என்ற ஊரைத் தாண்டியதும் சிவப்புக் கிரானைட் பாறைகள் குடைந்தும் துளைத்தும் நிற்கின்றன, அடியில் கடல். யுனெஸ்கோ 1983லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்ட இடம். அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் எதிரே சுற்றுலா பஸ். சாலையோ ஒன்றரை வண்டி அகலம். ரிவர்ஸ் எடுத்ததில் பக்கவாட்டுக் கண்ணாடி பாறையில் உரசி, வாடகைக் கார்காரர் அதற்குத் தனியாக பில் தீட்டிவிட்டார். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆகவே போகும்போது மலையோரம், திரும்பும்போது கடலோரம். திரும்பும்போது என் மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை. வளைவு திரும்பினால் நடுச்சாலையில் பன்றிக் கூட்டம் வேறு. ஹாரன் அடித்தாலும் அசையாது.

எனக்குப் பிடித்தது ரயில். மீட்டர் கேஜ், ஐயா! நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து அதே தண்டவாள அகலம். அஜாக்சியோவிலிருந்து தீவின் நடுவே உள்ள மலை நகரான கோர்த்தே வரை போனோம். மூச்சு வாங்கி மலையேறி, சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து, விஸவோனா பைன் காட்டில் வெளியே வருகிறது. கதவு திறந்ததும் குளிர்க்காற்றோடு ஈர மரவாசனை. அப்புறம் வெக்கியோ ஆற்றின் மேல் ஒரு பாலம். கோபுரம் கட்டிய அதே ஐஃபெல் நிறுவனத்தின் வேலை. பாதிப் பேர் மலை நடைக்காரர்கள். அவர்களுடைய மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனேன், குறையில்லை.

பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயரைக் கறுப்பு மை பூசி அழித்து, கார்சிகப் பெயரை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் போர்டில் தார் பூசிய காலத்தில் வேலை பார்த்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சில பலகைகளில் துப்பாக்கிக் குண்டுத் துளைகளும் இருந்தன. அந்த அளவுக்கு நாம் போகவில்லை.

சாப்பாடு சைவக்காரருக்குச் சிரமம்தான். எங்கே பார்த்தாலும் பன்றித்தொடை தொங்குகிறது. செஸ்ட்நட் மாவில் கிண்டிய களி மட்டும் கைகொடுத்தது. லேசான இனிப்பு, கேழ்வரகுக் களியின் பதம். மனைவி இரண்டு முறை கேட்டு வாங்கினாள்.

அடுத்த முறை வரைபடம் போடும்போது கிலோமீட்டரை விட்டுவிட்டு நேரத்தைப் போடுங்கள். போர்த்தோ என்ற பெயருக்கு நேராக: இரண்டு மணி நேரம், எதிரே பஸ் வந்தால் அதற்கு மேல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு