காலம் தள்ளியவரைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மூத்த இசையமைப்பாளர் ஒருவரைப் பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் ஒரு வரி: "பட வாய்ப்பு குறைந்த பிறகு சீரியல்களுக்குப் பின்னணி இசை அமைத்துக் காலம் தள்ளினார்." எப்படித் தள்ளுகிறார்கள் என்று கட்டுரையாளர் ஒருநாள், படத்தை ஓடவிட்டுப் பின்னணி இசையைப் பதிவு செய்யும் ரீ-ரெக்கார்டிங்கில் (ஆர்.ஆர்.) உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

பாட்டென்றால் மெட்டு முதலில் வரும். படம் அதற்கேற்ப எடுக்கப்படும். ஆர்.ஆரில் படம்தான் எஜமான். சினிமாவில் வினாடிக்கு 24 ஃப்ரேம். டெம்போ 96, அதாவது நிமிடத்துக்கு 96 தாள பீட் என்றால், ஒரு பீட்டுக்கு 15 ஃப்ரேம். நொட்டேஷன் எழுதி, வயலின்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகு எடிட்டர் அந்தக் காட்சியில் 2 வினாடி வெட்டினால் 48 ஃப்ரேம் போச்சு. கதவு திறக்கும்போது இசையில் விழவேண்டிய அடி, திறந்து 2 வினாடி கழித்து விழும். 3 பீட்டை எடுத்தாலும் 3 ஃப்ரேம் மிஞ்சும். அதைச் சரிக்கட்ட, வாசிப்பவர்கள் காதில் தாளம் காட்டும் கிளிக்கை இம்மியளவு வேகப்படுத்த வேண்டும். கேட்பவருக்கு அது தெரியவும் கூடாது.

வசனம் ஓடும்போது வயலினும் புல்லாங்குழலும் மேல் ஸ்தாயியில் அலைந்தால் பேச்சு மங்கும். கீழே இறக்கி, நீண்ட சுரமாக நிறுத்தினால் தெளியும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் கடைசியில் ஒலி அளவை வைப்பது, வசனத்தையும் இசையையும் சேர்க்கும் மிக்ஸிங்கில். இது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் "இசை காதைக் கிழிக்கிறது" என்று தங்கள் விமர்சகர் திட்டுவது இசையமைப்பாளரைத்தான்.

தினசரி சீரியல் இன்னும் கஷ்டம். காட்சிக்குக் காட்சி எழுத நேரமில்லாததால் துக்கம், சந்தேகம், மிரட்டல், சமாதானம் என்று துண்டுதுண்டாக முன்பே பதிவு செய்து கொடுப்பார்கள். மெட்டோடு ஒன்று, மெட்டில்லாமல் ஒன்று, சட்டென்று முடிய ஒன்று. எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது வரும் என்பது எடிட்டர் கையில். சுருதி பொருந்தாத இரண்டு பக்கத்தில் வந்தால் கேட்கச் சகிக்காது. முன்யோசனை உள்ளவர் எல்லாவற்றையும் ஒரே சுருதியிலோ உறவுள்ள சுருதிகளிலோ போட்டுவைப்பார். இது காலம் தள்ளுகிறவர் செய்கிற வேலையா?

பழைய கணக்கும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் பாடல்களுக்கு அமித் திரிவேதி, பின்னணி இசைக்கு இளையராஜா என்று தனித்தனியே கொடுத்தார்கள். டெல்லிக்குத் தெரிந்த வித்தியாசம் தங்கள் விமர்சனப் பகுதிக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாட்டுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அதையே 'இசை' என்கிறீர்கள். 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. அதற்குப் பூஜ்யம் போடுவீர்களோ?

ராயல்டி விஷயமும் அப்படியே. "சம்பளம் வாங்கிய பிறகு என்ன பங்கு?" என்று முன்பொரு முறை தலையங்கமே எழுதினீர்கள். திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலாக மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமை வாங்கியவரோடு சம பங்கு உண்டு, அதை எழுதிக்கொடுத்தும் இழக்க முடியாது என்று 2012 பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் சொல்கிறது. தலையங்கம் எழுதியவர் அதைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இனி இப்படிக் கட்டுரை போடும்போது பாடல் பட்டியலுக்குக் கீழே, பின்னணி இசை அமைத்த படங்களையும் சீரியல்களையும் ஆண்டோடு இரண்டு வரி சேருங்கள். வாத்தியக் குழுவை நடத்திய கண்டக்டர் பெயரும் வந்தால் நல்லது. இடமில்லை என்றால் நடிகையின் அரைப்பக்கப் படத்தைக் கால்பக்கமாக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்