கோடை முகாம்: அணித் தலைவர் பயிற்சி

பெற்றோர்களுக்கு வணக்கம். ஏலகிரி சாரணர் முகாமில் இந்த முறை 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அணித் தலைவர் பயிற்சியும் உண்டு. மேடையில் பேசப் பழக்கும் வகுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஆறேழு சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். கூடாரம் போடுவது, சமையலுக்கு ஆள் பிரிப்பது, ராத்திரி அம்மா நினைப்பில் அழுகிற குழந்தையைத் தேற்றுவது எல்லாம் இவர்கள் வேலைதான். நாங்கள் பக்கத்திலேயே இருப்போம், ஆனால் சட்டென்று தலையிட மாட்டோம். 1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முகாமிலேயே நான்கு அணிகளுக்கும் பையன்கள்தான் தலைவர்கள்!

சரி, விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பிள்ளையின் பெயர், வயது, சாப்பிடும் மருந்து விவரம் மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். அப்புறம், பிள்ளைகளிடம் செல்போன் கொடுத்தனுப்பாதீர்கள். தினமும் மாலை நாங்களே இங்கே படம் போடுகிறோம்.