நிற்கும் வண்டிக்கு எதற்கு டீசல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் எங்கள் தெருவில் மின்கம்பி பழுதுபார்க்க ஏணி லிஃப்ட் வைத்த லாரி வந்தது. மேலே ஆள் நிற்கும் தொட்டியில் இருந்தவர், கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கீழே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே டீக்கடையில் நின்ற எனக்குக் கண் எரிந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வெயிலில் அவர் படும் பாடு வேறு.

28 வருடம் டீசல் மெக்கானிக்காக இருந்தவன் நான். எண்ணெய் அழுத்தத்தால் லிஃப்டை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்புக்குத்தான் இன்ஜின் சுற்ற வேண்டும். தொட்டி ஒரே இடத்தில் நிற்கும்போது எதற்கு? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஒரு கிலோகூட எடையில்லாத டீசலில் இருந்து எப்படி என்று என் பேரன் கேட்டான். காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேருகிறதே, அப்புறம் எடை கூடாதா!

பம்பை பேட்டரியில் ஓட்டும் லிஃப்ட் வண்டிகள் வெளிநாடுகளில் ஓடுகின்றன. புது வண்டி வாங்கும்போதாவது மின் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கட்டும். அதுவரை, வேலை நடக்கும்போது சாவியைத் திருப்பி அணைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். அதற்கு டெண்டர்கூட வேண்டாம்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்,
மதுரை