ஆய்வுகூடத் திறப்பு கீழ் வகுப்புகளுக்கும் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 7 இல் படிக்கும் என் பேத்தியின் விஞ்ஞானக் கொப்பியை அண்மையில் புரட்டிப் பார்த்தேன். அமிலத்திலும் மூலத்திலும் பாசிச்சாயத்தாள் நிறம் மாறுவதை நிறப் பென்சிலால் அழகாகக் கீறி, அட்டவணையும் போட்டு, 'அவதானம்', 'முடிவு' என்ற தலைப்புகளின்கீழ் பிழையின்றி எழுதியிருந்தாள். பாசிச்சாயத்தாளைக் கண்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை, கரும்பலகையைப் பார்த்து எழுதினோம் என்றாள். காணாத ஒன்றுக்கு அவதானம் எழுதப் பன்னிரண்டு வயதிலேயே பழக்கிவிடுகிறோம். அவளுடைய பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லாமல் இல்லை, மூன்று இருக்கின்றன. அவற்றின் திறப்புகள் உயர்தர வகுப்பு ஆசிரியர்களிடம் இருக்கின்றன.

முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற வகையில், இதை ஓர் ஆசிரியரின் குறையாக நான் கருதவில்லை. விஞ்ஞானப் பகுதியை நாம் ஒழுங்கமைக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் ஒரே பாடம். தரம் 12 இல்தான் அது பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் எனப் பிரிகிறது. எனினும் நேரசூசி போடும்போது முதலில் உயர்தர வகுப்புகளும், அடுத்து பரீட்சை எழுதவுள்ள தரம் 11 உம் நிரப்பப்படுகின்றன. தரம் 6, 7 வகுப்புகள் பாடவேளை குறைந்தவர் யாரோ அவரிடம் போய்ச் சேருகின்றன. அவர் விஞ்ஞானம் படித்தவராக இருந்தால் அது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

பரீட்சை முறையும் இதற்குத் துணைபோகிறது. சாதாரண தரத்தில் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செய்முறைப் பரீட்சை உண்டு, விஞ்ஞானத்துக்கு இல்லை. 40 பல்தேர்வு வினாக்களையும் ஓர் எழுத்து வினாத்தாளையும் ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாமல் எழுதி 'ஏ' சித்தி பெறலாம் என்பதைத் தனியார் கல்வி நிலையங்கள் நன்றாகவே அறிந்து வைத்திருக்கின்றன.

வசதியில்லை என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பற்றரி வருவது தடைசெய்யப்பட்டிருந்தது, மின்சாரமும் இல்லை. ஓட்டமின்னியல் அலகு வந்தபோது, எறிந்து கிடந்த பழைய பற்றரியின் நாக உறையை வெட்டித் தேய்த்து, ஒரு செப்புக் கம்பியுடன் தேசிக்காயில் செருகி, எங்களிடமிருந்த ஒரேயொரு கல்வனோமானியில் (சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) இணைத்தோம். முள் மெல்ல விலகியது. பின்வாங்கில் இருந்தவர்கள் மேசைமேல் ஏறி நின்று பார்த்தார்கள்; அன்று நான் யாரையும் இறங்கச் சொல்லவில்லை.

இன்று வேண்டியது பெரிய நிதி அன்று. தரம் 6 முதல் 9 வரையான ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு தடவையாவது இரண்டு 40 நிமிடப் பாடவேளைகளை அடுத்தடுத்து வைத்து, அந்நேரத்தில் ஆய்வுகூடமும் ஆய்வுகூட உதவியாளரும் அவர்களுக்கே உரியவை என நேரசூசியில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் உயர்தர வகுப்பின் மேலதிகப் பாடவேளை அவ்விடத்தை விழுங்கிவிடும் என்பது என் அனுபவம். பகுதித் தலைவர் தம் கையில் ஒரு கீழ் வகுப்பையேனும் வைத்திருப்பது நல்லது. உயிரியல் படித்தவர் மின்னியலை ஓட்டிவிடுவதும், பௌதிகவியல் படித்தவர் தாவரக் கலத்தைக் குறிப்பாகச் சொல்லி முடிப்பதும் நாம் அறிந்ததே. அதற்காகக் கீழ் வகுப்புக்கு மூன்று ஆசிரியர்களைப் போட வேண்டாம், பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்; அந்தந்த அலகு தொடங்கும் முன் இருவரும் ஆய்வுகூடத்தில் ஒருமுறை சேர்ந்து அந்தச் சோதனையைச் செய்து பார்த்தாலே போதும்.

ஊரிலேயே பாடம் இருக்கிறது. நமது நிலம் சுண்ணக்கல். அதனால்தான் நம் கிணற்று நீர் கல்சியம் உப்புகள் கரைந்த வன்னீராக இருக்கிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவில் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று; அதில் தேசிப்புளி விட்டால் நுரைத்து வரும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். அமிலம், உப்பு, வாயு, நிலத்தடி நீர் ஆகிய அத்தனையும் ஒரு கேத்தலுக்குள் கிடக்கின்றன. தொண்டைமானாற்றில் ஒரு நிலையம் அமைத்து, வகுப்பறைக்கு வெளியே களத்தில் கற்பதற்கென அதற்கு வெளிக்கள நிலையம் என்று பெயர் வைத்த நம் ஆசிரியர்கள் இதை உணர்ந்தவர்கள். ஆனால் இன்றைய மாணவர் பலருக்கு அந்தப் பெயர் அந்நிலையம் தயாரிக்கும் உயர்தரப் பயிற்சி வினாத்தாளின் தலைப்பிலேயே அறிமுகமாகிறது என்பதை இங்கு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டுக்கான நேரசூசிகள் தயாராகும் வேளையில், வலயக் கல்விப் பணிமனைகள் ஒவ்வொரு பாடசாலையிடமும் ஆய்வுகூடப் பாவனைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதில் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகள் எத்தனை தடவை பதிவாகியுள்ளன என்று எண்ணிப் பார்க்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
கோண்டாவில்.