இமயக் காடுகளுக்கு அடியில் கிடக்கும் பனியையும் அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் வெளியிடும் தென்மேற்குப் பருவமழை முன்கணிப்பில், யூரேசியாவில் பனி படர்ந்த பரப்பு எவ்வளவு என்பதும் அண்மை ஆண்டுகளில் இடம்பெறுகிறது. பரப்பு குறைந்தால் மழைக்குச் சாதகம் என்று நாளிதழ்களும் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. பனிக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இமயத்தின் பனிப்பொழிவையும் இந்தியாவின் வறட்சியையும் இணைத்து அத்துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1884-இல் எழுதிய கட்டுரையை ஒட்டித்தான் நம் நாட்டின் நீண்டகால மழை முன்கணிப்பே 1886-இல் தொடங்கியது. ஆனால் பரப்பை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும், குறிப்பாக மரங்களுக்கு அடியில் கிடக்கும் பனியை நாம் போதிய அளவு அளக்கவில்லை என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திறந்த புல்வெளியில் புதிதாக விழுந்த பனி, தன்மீது படும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அதே பனி ஊசியிலைக் காட்டில் விழுந்தால் நிலைமை வேறு. முதலில் அது கிளைகளில் தங்குகிறது. குளிர் மிகுந்த வடபுலக் காடுகளில் பொழிந்த பனியில் 60 விழுக்காடு வரை கிளைகளிலேயே தங்குவதுண்டு. அதில் ஒரு பகுதி காற்றில் உதிர்ந்து தரைக்கு வருகிறது. இன்னொரு பகுதி உருகாமலே நேரடியாக ஆவியாகிவிடுகிறது. கிளைகள் வெறுமையானதும் கருமையான ஊசியிலைகள் வெயிலை உறிஞ்சிக்கொள்கின்றன. தரையில் கிடக்கும் பனிக்கு நிழல் தருவதும் மரம்தான், சூடேறிய அடிமரத்தின் வெப்பத்தால் அதை உருக்குவதும் மரம்தான். பனி படிந்த காட்டில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கிண்ணம்போல் ஒரு பள்ளம் விழுந்திருப்பதையும், அதைச் சுற்றியுள்ள பனியின் மேல் உதிர்ந்த ஊசியிலைகளும் பட்டைத் துகள்களும் படிந்து கறுத்திருப்பதையும் காணலாம். மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இவற்றில் பெரும்பாலானவை தெரிவதில்லை.

இதைக் கணக்கில் எடுக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் அனுபவமே சான்று. அந்த மையத்தின் கணினி மாதிரி, பனி மூடிய வடபுலக் காடும் வெயிலில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவதாகவே வைத்திருந்தது. அதனால் வசந்த காலத்தில் கனடா, சைபீரியா போன்ற பகுதிகளுக்கு அது கணித்த வெப்பநிலை உண்மை அளவைவிடத் தொடர்ந்து குறைவாகவே இருந்தது. கனடாவின் சஸ்காச்சுவான், மனிடோபா காடுகளில் 1994 முதல் 1996 வரை நடந்த போரியாஸ் கள ஆய்வில், கோபுரங்களில் பொருத்திய கருவிகள் ஊசியிலைக் காடுகளில் காட்டிய அளவு அந்த 80 விழுக்காட்டில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 1996 டிசம்பரில் அந்த எண்ணை 20 விழுக்காடாகத் திருத்தியதும் பிழை பெருமளவு குறைந்தது. காட்டுக்குள் போய் அளந்ததால்தான் அந்த ஓர் எண் திருந்தியது.

இமயத்தின் நிலையோ கவலை தருகிறது. பனியைக் கணக்கிடும் 33 கணினி மாதிரிகளைக் காட்டுக்குள்ளும் அருகிலுள்ள வெட்டவெளியிலும் சோதித்த பன்னாட்டு ஒப்பீடு ஒன்றுக்கு சுவிட்சர்லாந்து, கனடா, அமெரிக்கா, ஜப்பான், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஐந்து இடங்களைத் தேர்ந்தார்கள். வெட்டவெளியில் நன்றாகக் கணித்த மாதிரி காட்டிலும் அப்படியே கணிக்கும் என்று நம்ப முடியாது என்பது அதில் தெளிவாயிற்று. அதற்குப் பின் வந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையாக அமைந்த பத்து இடங்களில் பிரான்ஸும் சேர்ந்தது. இவ்விரண்டு பட்டியல்களிலும் இமயமலையில் ஓர் இடம்கூட இல்லை. தேவதாருவும் நீலப் பைனும் மேல் எல்லையில் பூர்ஜ (பிர்ச்) மரமும் செங்குத்தான சரிவுகளில் வளரும் நம் காடுகள், சமவெளியில் பரந்த கனடாக் காடுகளைப் போன்றவை அல்ல. அங்கே கிடைத்த எண்களை இங்கே அப்படியே பொருத்துவது சரியாகாது.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், பருவமழை மாதிரியில் ஒரே அடுக்காகக் கருதப்பட்டு வந்த பனியைப் பல அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய முயற்சி இது. ஆயினும் அந்தக் கணக்கைச் சரிபார்க்க இமயக் காட்டின் தரையில் எடுத்த அளவீடுகள் வேண்டாமா?

நான் கேட்பது பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று. இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் தேவதாருக் காடு ஒன்றிலும் அதை ஒட்டிய திறந்த புல்வெளியிலும் வெயிலை அளக்கும் கதிர்வீச்சுமானிகளை நிறுவ வேண்டும். உள்ளீடற்ற உலோகக் குழாயைத் தரைவரை செருகி எடுத்து எடைபோட்டு, பனி உருகினால் எவ்வளவு நீர் கிடைக்கும் என்ற நீரளவைக் கண்டறியும் பழைய முறையையும் குளிர்காலம் முழுவதும் தொடர வேண்டும். சில ஆண்டுகளேனும் இடைவிடாது திரட்டப்படும் அந்தத் தரவுகள் மாணவர்கள் உட்பட எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட வேண்டும். மத்திய புவி அறிவியல் அமைச்சகம் இதற்கு முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஏப்ரலில் பனிப் பரப்பைப் பற்றிய செய்தியை வெளியிடும்போது, அந்தப் பனியின் ஆழத்தையும் நீரளவையும் அதிகாரிகளிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களையும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.