தம்பி, போர்டு வேண்டாம், வேலி போடலாம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழை இந்த வருஷம் சரியான நேரத்தில் பெய்துவிட்டதால் வலியே மறந்துபோச்சு போல, காலையில் எழுந்ததும் காப்பித் தோட்டத்துக்குள் போய்விடுகிறார்.

நீ போனில் சொன்னதை எல்லாம் சொன்னார். 'தனியார் இடம், உள்ளே வராதே' என்று போர்டு அடித்து, கேமரா மாட்டி, நீ இங்கே கட்டிக்கொடுத்த நீச்சல் குளத்தை யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்கிறாய். நீ இருக்கிற அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக் குழந்தை கேட்காமலே உள்ளே வந்து விழுந்தால்கூட வீட்டுக்காரர்மேல் கேஸ் வரலாமாமே. உன் பயம் நியாயம்தான். ஆனால் நம்ம தாண்டிக்குடி மலையில் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிற பிள்ளை எது? போன மாதம் ஒரு காட்டுமாடு விளிம்பு வரை வந்து தண்ணீரை மோந்து பார்த்து, குளோரின் வாடை பிடிக்காமல் போய்விட்டது. பிள்ளைகளுக்கு அந்த வாடை பிடித்துத் தொலைக்கிறதே, என்ன செய்ய?

இல்லை என்று சொல்லத் தெரியாதவள் இல்லை உன் அம்மா. மேல் வளைவில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறாரே, அவர் கதையைக் கேள். ஒரு சனிக்கிழமை நான் களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். தோளில் துண்டோடு ஐந்தாறு பேர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "டிரஸ் மாத்துற ரூம் எங்கேம்மா?" என்றார்கள். 'நீச்சல் குளம் உண்டு' என்று சொல்லித்தான் அந்த மனுஷன் ரூமே கொடுத்திருக்கிறார்! வந்தவர்கள்மேல் தப்பில்லை, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, உங்க வீட்டுப் பிள்ளைங்க தாராளமா வரட்டும். காசு கொடுத்துத் தங்குறவங்க வரக்கூடாது" என்று சொன்னேன். "அக்கம்பக்கத்துல இதையெல்லாம் பார்ப்பாங்களா?" என்றார். "நான் பார்ப்பேன் அண்ணே" என்றேன். கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்துதானே ஆகணும், வந்தார்.

கஷ்டம் அந்த மாதிரி ஆட்களோடு இல்லை. இரண்டு சீப்பு மலைவாழைப்பழத்தோடு வந்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பு மாட்டும்போது, "பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு..." என்று இழுக்கிறவர்களோடுதான். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் போர்டைக் காட்டுவதா? அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்குகிறதோ, அதன் வீட்டுப் பெரியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். நிற்கத்தான் வேண்டும், உட்காரக்கூடாது. போன் என் மேஜைமேல். ஒரு ஆளுக்கு நாலு பிள்ளைக்கு மேல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மட்டும்தான்.

கேட்டவர்களில் பாதிப் பேர் அதோடு நின்றுவிட்டார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருந்தார்கள் போல. இரண்டு மணி நேரம் வெயிலில் போன் இல்லாமல் நிற்க யாருக்கு முடியும்? நான் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை, யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை.

கேட்காதவர்களும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீட்டுப் பிள்ளைகள். காப்பிச் செடிக்குப் பின்னால் கல்கட்டில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் ஓடிவிடும். அவர்களுக்கும் இதே நிபந்தனைதான் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி துவைக்க, சாமான் வாங்க. அதனால் பாட்டிகள் வருகிறார்கள். ஒரு பாட்டி சில்வர் ஓக் கம்பு ஒன்றை நீளமாகச் செதுக்கிக் கொண்டுவருகிறது. அடிக்கத்தான் என்று நினைத்தேன். யாராவது தத்தளித்தால் நீட்டுவதற்காம்! நீச்சல் தெரியாதவர் குதித்தால் இரண்டு பேரும் போவார்கள், கம்பை நீட்டுவதுதான் சரி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதற்குத் தெரிந்திருக்கிறது. "அவங்களும் இதே தண்ணியிலா?" என்று ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பிள்ளைகள் அதற்கப்புறம் வரவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்தது.

தண்ணீர் கெடவில்லையா என்று நீ கேட்பாய். அதைக் கெடுத்தது தேங்காய் எண்ணெய்தான். முதல் ஞாயிறு பிள்ளைகள் தலை நிறைய எண்ணெயோடு இறங்க, விளிம்பைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. இப்போது சீயக்காய் போட்டுத் தலை குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். பெண் பிள்ளைகள் துப்பட்டாவை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட வேண்டும், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கூட்டம் போன பிறகு அப்பா சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். மஞ்சள் சொட்டில் குளோரின் லிட்டருக்கு 1-லிருந்து 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், சிவப்புச் சொட்டில் தண்ணீரின் அமிலத்தன்மையைச் சொல்கிற பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே. பிள்ளைகள் குளித்த அன்று மஞ்சள் வெளிறித்தான் இருக்கும், ராத்திரி மருந்து போடுவார்.

அப்பாவின் கவலை வேறு. முப்பதடி நீளம், பதினைந்தடி அகலம், மூன்றரையிலிருந்து ஐந்தரை அடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 57,000 லிட்டர் வருகிறது. ஏப்ரலில் ஓடை நூலாகிவிடும்போது, கீழே இருப்பவர்கள் குடத்தோடு நடக்கும்போது, இங்கே இவ்வளவு தண்ணீர் நீலமாக நிற்கிறதே என்று அவருக்குக் கூச்சம். ஐப்பசி மழையில் நிரப்பியதுதான், அப்புறம் ஆவியானதுக்கும் சிதறினதுக்கும் மட்டும் விடுகிறோம். இருந்தாலும் நாலு பேர் பிள்ளைகள் குளிக்கிறபோது அந்தக் கூச்சம் கொஞ்சம் குறைகிறதாம்.

இன்னொன்று. நீ இதைப் பேரனுக்கும் பேத்திக்கும் கட்டினாய். அவர்களுக்கு லீவு விடுவது ஜூனில். ஜூனில் இங்கே காற்றும் சாரலும் மூடுபனியும், தண்ணீரில் கால் வைத்தால் விறைத்துப்போகும். குளிக்க முடிகிற மாதங்களில் அவர்கள் அங்கே ஸ்கூலில் இருக்கிறார்கள். கட்டும்போதே அப்பா சொன்னார், நீ சோலார் ஹீட்டர் போடலாம் என்றாய். அது இன்னும் வந்தபாடில்லை.

எனக்கு நிஜமான பயம் ஞாயிற்றுக்கிழமையில் இல்லை. மற்ற ஆறு நாளும் குளம் திறந்து கிடக்கிறதே, அதில்தான். மூழ்குகிற குழந்தை சத்தம் போடாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. அடுப்பங்கரையில் நிற்கிற எனக்கு ஒன்றும் கேட்காது. 108-ஐக் கூப்பிட்டாலும் இந்த வளைவுகளில் ஏறி வரணும், அப்புறம் வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து எங்களுக்கெல்லாம் செய்து காட்டினார். தண்ணீரில் விழுந்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எதுவும் கூடாதாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு 30 தடவை நெஞ்சை அழுத்தி 2 மூச்சு, அப்படியே விடாமல் செய்துகொண்டிருக்க வேண்டும். கம்புப் பாட்டிதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தது.

அதனால் போர்டுக்கும் கேமராவுக்கும் வைத்திருக்கிற பணத்தை வேலிக்கு அனுப்பு. நாலு பக்கமும், வீட்டுப் பக்கமும் சேர்த்து. நாலடி போதும் என்கிறார்கள், நான் ஐந்தடி கேட்டிருக்கிறேன். கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்குமேல் இடைவெளி கூடாது. வெளிப்பக்கம் கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குச் சட்டம் கூடாது. கேட் வெளியே திறந்து, ஸ்பிரிங்கில் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். கொண்டி உள்பக்கம், மேலே. காட்டுமாடு நினைத்தால் அதையும் தாண்டும், அது வேறு விஷயம்.

வெல்டர் அளவெடுத்துப் போயிருக்கிறார், தொகையை அப்பா போனில் சொல்வார். பாதியாவது முன்பணம் கேட்கிறார், இந்த வாரமே போட்டுவிடு. ஜூனில் வரும்போது குளிர் தாங்குகிற நீச்சல் உடை இருந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு வா. அவர்கள் இறங்கும்போது நீதான் கரையில் நிற்கணும். உன் போனும் என் மேஜைக்குத்தான் வரும்.

மருமகளை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா